என் குரலில் வந்தவன்

உவரிக்கு மேற்கே தேரியில் லாரியை நிறுத்தி
ஆண்டெனாவைத் தூக்கினோம்.
ஆடிக்காற்று. செம்மண் பறந்து
ஜெனரேட்டரின் மூக்கை இரண்டு முறை அடைத்தது.
பயிற்சிதான். குண்டு கிடையாது.
எதிரி என்று பேர் வைத்து
ஒரேயொரு விமானம் வரும்.

எனக்கு வேலை
கூப்பிட்டுவிட்டுக் காது கொடுப்பது.
ஒரு மில்லிசெகண்ட் கழித்து மறுகுரல் வந்தால்
ஆள் நூற்றைம்பது கிலோமீட்டரில்.
போகும்போது நீர்த்து, வரும்போது இன்னும் நீர்த்து,
தூரம் இரட்டித்தால் திரும்புவது பதினாறில் ஒரு பங்கு.
அவனுக்கோ ஒருவழிப் பாதை.
நான் அவனைப் பார்க்கும் முன்பே
நான் பார்ப்பதை அவன் கேட்டுவிடுவான்,
பனைவிளையில் டார்ச் அடித்துப் போகிறவனை
முயல் முதலில் பார்த்துவிடுவது மாதிரி.

முதல் இரவு திரை முழுக்க விமானம்.
முந்நூறு, நானூறு.
நின்ற இடத்தில் நின்றுகொண்டே
மணிக்கு இருநூறு கிலோமீட்டர் பறந்தன.
"என்ன செண்பகவடிவு, படையெடுப்பா?" என்றார் கமாண்டர்.
ராதாபுரத்துக் காற்றாலைகள் சார்.
ஓர் இறக்கை நுனி என்னை நோக்கி வருகிறது,
இன்னொன்று விலகுகிறது,
பெட்டிக்கு அது போதும்.
நாற்பத்து மூன்றாம் கம்பத்தின் உச்சியில் ஏறி
எண்ணெய் மாற்றுகிறவன்
என்கூடப் பிறந்த ஆறுமுகநயினார்
என்பதைச் சொல்லவில்லை.
நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். கம்பெனிக்காரர் சிரித்தார்:
"சீசன்ல காத்தாடிய நிறுத்தச் சொல்லுதியளா?"

இரண்டாம் இரவு வடிகட்டி போட்டேன்.
அந்தப் பரப்பை மூடு. மெல்ல நகர்வதை அழி.
கழுவிவிட்ட வட்டில் போல ஆயிற்று திரை.
அழிந்ததில் கஸ்பாரின் வள்ளமும் ஒன்று.
கப்பல் வந்து இடிக்காமலிருக்க
மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி
மூலைமூலையாக மடித்துக் கம்பில் கட்டியிருக்கிறார்,
எந்தப் பக்கம் கூப்பிட்டாலும்
அந்தப் பக்கமே பதில் போகும்படி.
அத்தனை கடலிலும்
தன்னைப் பார்க்கச் சொல்லிக் கேட்டது
அவர் ஒருவர்தான்.

மூன்றாம் இரவு, கடல் பக்கமாக வந்தான்.
பொட்டு விழுந்தது. பூட்டினேன்.
கொஞ்ச நேரம் என் மறுகுரல்.
அதன்மேல் இன்னொன்று படிந்தது:
அதே சுருதி, அதே நீளம், ஒரு சுற்று உரத்து.
பெட்டி உரத்ததை நம்பும்.
பிறகு ஒவ்வொரு தடவையும்
ஒரு மயிரிழை தாமதித்தான்.
கொடைக்கூட்டத்தில் ஒரு பிள்ளையின் கையைத்
தாயின் கையிலிருந்து விரல் விரலாகக் கழற்றித்
தன் கைக்கு மாற்றிக்கொள்கிறவன் அப்படித்தான் செய்வான்.
பதினெட்டு கிலோமீட்டர் கடலுக்குள் கூட்டிப்போய்
வாயை மூடிக்கொண்டான்.
பொட்டு இருந்த இடத்தில் அலை.
அவன் தலைக்கு மேல் போன சத்தத்தைக்
காதால் கேட்டேன்,
சும்மா காதால்.

நான்காம் இரவு அலைவரிசையைத் தத்தவிட்டேன்.
அடுத்து எதில் கூப்பிடுவேன் என்று அவனுக்குத் தெரியாது.
எனக்குமே தெரியாது, சீட்டுக் குலுக்குவது பெட்டி.
கள்ளக்குரல் எடுபடாமல்
எல்லா அலையிலும் கத்தத் தொடங்கினான்.
திரையில் ஒரு வெள்ளைக் கீற்று, ஆப்பு அடித்ததுபோல்.
தூரம் போய்விட்டது. திசை நின்றது.
கத்துகிறவனுக்கு அந்த ஒரு குறை உண்டு.

நான் கூப்பிடுவதை நிறுத்தினேன்.
மணப்பாட்டுக் குன்றில் இரண்டாவது லாரி,
அதற்கு வாயே கிடையாது, காது மட்டும்.
அது ஒரு கோடு சொன்னது. என்னுடையது ஒன்று.
வெட்டிக்கொண்ட இடம் ராதாபுரம்,
காற்றாலை வரிசைக்குச் சற்று மேலே,
நானே மூடிவைத்த பரப்புக்குள்.

"ஏவுகணை போயிற்று" என்று மைக்கில் சொன்னேன்.
பயிற்சியில் சொல்தான் ஏவுகணை.
நடுவர் நேரம் குறித்துக்கொண்டார், 02.17.
எந்தக் கம்பத்தின் மேல் என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

விடியுமுன் ஒரே ஒரு சுற்றுக்கு
வடிகட்டியை எடுத்தேன். விதியில் கிடையாது.
நானூறு விமானமும் நின்ற இடத்தில் பறந்தன.
ஒன்பதாவது கிலோமீட்டரில் தகரம் பதில் சொன்னது,
கரையைப் பார்த்து, மெதுவாக.

ஏழு மணிக்கு ஆறுமுகநயினார் போன் அடித்தான்.
"ராத்திரி டவருக்கு மேல ஒரு சத்தம்ட்டி.
ஷெட்டுத் தகரமெல்லாம் கிடுகிடுங்கு.
உனக்குக் கேட்டுச்சா?"

"காத்தா இருக்கும்ல" என்றேன்.